எங்கள் லிஃப்டை உகப்பாக்கிய விதம்

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் முனகிக்கொண்டே வரும். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கும். கொஞ்சம் எண்ணெய் போடுங்கள், கயிற்றை மாற்றுங்கள் என்று குடியிருப்பு வாரியத்திடம் எல்லோரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். வாரியம் யோசித்தது. நன்றாக யோசித்து, எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கணக்கு அதிகாரியை அனுப்பி வைத்தது.

வந்த அன்று அவர் லிஃப்டின் பக்கம் போகவே இல்லை. தரைத்தளத்துக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். கரும்பலகை கேட்டார். குடியிருப்பவர்களில் வயது வந்தவர்கள் எல்லோரும் மாலை வகுப்புக்கு வரவேண்டும், வராதவர்கள் லிஃப்டில் ஏறும் தகுதியை இழப்பார்கள் என்று அறிவித்தார். பாடத்தின் பெயர் உகப்பாக்கம். இருப்பதை வைத்துக்கொண்டு உள்ளதிலேயே நல்ல வழியைக் கண்டுபிடிப்பதற்கு அப்படிப் பெயராம். சாதாரணமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பதால் பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

எனக்கு வகுப்புக்குப் போகாமல் இருக்க வழியில்லை. நாங்கள் குடியிருப்பது ஆறாவது மாடி, அதுதான் உச்சி. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. காலும் தாங்காது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வரும். ஏற்றிக்கொண்டு போய், இயந்திரத்தில் பூட்டி, ரத்தத்தைச் சுத்தம் செய்து கொண்டுவந்து விடுவார்கள். ஒரு முறை தவறினால் முகம் வீங்கி மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி யாருக்கும் காத்திருக்காது. ஹாரன் அடிக்கும், ஆள் இல்லையென்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

முதல் வகுப்பில் அதிகாரி கேட்டார், "நம்ம குறிக்கோள் என்ன?"

"லிஃப்ட் ஒழுங்கா ஓடணும் சார்," என்றார் தையல்காரர். எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஒரு நுரையீரலை வைத்துக்கொண்டு இரண்டு நுரையீரலுக்குப் பேசுகிறவர்.

"தப்பு. ஒழுங்குங்கறதை அளக்க முடியாது. அளக்க முடியாததைக் குறிக்கோளா வைக்கக்கூடாது. மொத்தக் காத்திருப்பு நேரத்தைக் குறைக்கணும். அதான் குறிக்கோள்."

"எண்ணெய் போட்டாலே குறையுமே சார்."

"எண்ணெய் இந்தப் பாடத்துல வராது," என்றார் அதிகாரி. கோபப்படவில்லை. அவர் எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

காத்திருப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு முழு மாலை போயிற்று. பொத்தானை அழுத்திய நொடியில் தொடங்கி, கதவு திறக்கும் நொடியில் முடிவது காத்திருப்பு. அதற்கு முன்னால் வாசலில் நின்றாலும் அது காத்திருப்பு இல்லை. கதவு திறந்த பிறகு உள்ளே இடமில்லாமல் நின்றாலும் அது காத்திருப்பு இல்லை. "அது உங்க சொந்த விஷயம்," என்றார்.

மறுநாள் ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். கழுத்தில் கடிகாரம். நாங்கள் பொத்தானை அழுத்தினால் அவன் கடிகாரத்தை அழுத்துவான். எங்கள் மாடிக்கு வந்தவன் ஒல்லியானவன், மரியாதை தெரிந்தவன். என் மனைவியைச் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் தள்ள ஒரு கை கொடுப்பா என்றேன்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. நான் தொட்டா அளவு கெட்டுப்போயிடும்."

"தொட்டா தீட்டுங்கறான் போல," என்றாள் என் மனைவி நாற்காலியிலிருந்து. "தள்ளுங்க. அவன் கடிகாரம் ஓடுது, பாவம்."

அளந்து முடித்ததும் முதலில் லிஃப்ட் ஓட்டுகிறவரை எடுத்தார்கள். அவர் ஒரு முக்காலி போட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். ஒரு ஆள் நிற்கும் இடத்தை அவர் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று கணக்கில் வந்ததாம். "இத்தனை வருஷமா அவரைத் தினமும் சும்மா மேலயும் கீழயும் ஏத்தி இறக்கியிருக்கோம்," என்று அதிகாரி வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். முக்காலியும் அவரோடு போயிற்று. எங்கே போனார் என்று கேட்டேன். அது மாறிகளில் இல்லை என்றார்கள். மாறி என்றால் கணக்கில் நாம் கூட்டிக் குறைக்கக்கூடியது. லிஃப்ட்காரர் அதில் இல்லை என்றால் அவர் எங்கும் இல்லை.

பிறகு ஒரு காலையில் கருவிப் பெட்டியோடு இரண்டு பேர் எங்கள் மாடிக்கு வந்தார்கள். கடைசியில் எண்ணெய் வந்துவிட்டது என்று தையல்காரர் அவர்களுக்கு டீ கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானைக் கழற்றினார்கள். குழியில் சிமெண்ட் பூசினார்கள். அதன்மேல் சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடித்தார்கள். லிஃப்டின் உள்ளே இருந்த ஆறாம் எண் பொத்தானையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை சுத்தம். முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்ல முடியாது.

அன்று மாலை அதிகாரி பேசினார். "இந்தக் கட்டிடத்துல அதிகமாக் காத்திருந்தது ஆறாவது மாடிதான். குறைஞ்ச ஆளுங்க, நீண்ட தூரம். இன்னையில இருந்து ஆறாவது மாடியில காத்திருப்பு சுழியம். ஒரு நொடிகூட இல்லை. இதுவரைக்கும் எந்தக் கட்டிடத்துலயும் இப்படி ஒரு அளவு வந்ததில்லை. ஆறாவது மாடிக்காரங்க எழுந்து நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும்."

எழுந்து நின்றோம். கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். ஊரே தட்டும்போது கை சும்மா இருக்காது.

"சார், அப்ப நாங்க எப்படிக் கீழே வர்றது?" என்றேன்.

"வந்துட்டீங்களே. இதோ நிக்கிறீங்க," என்றார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி நாட்களில் மனைவியை முதுகில் சுமந்து ஐந்தாவது மாடிக்கு இறங்கி, அங்கே லிஃப்டைப் பிடித்தோம். நான் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். கட்டிடத்தில் எனக்கு மூட்டை என்றுதான் பெயர். ஒரு மாடி பெரிய விஷயம் இல்லை. ஆனால் நாங்கள் போய் அழுத்தியதால் ஐந்தாவது மாடியின் காத்திருப்பு ஏறியது. அந்த மாடியில் ஒரு அம்மாள், முன்பெல்லாம் என் மனைவிக்குத் தலை வாரிவிடுவார். அவர் ஒரு நாள் லிஃப்ட் வாசலில் குறுக்கே நின்றார்.

"உங்க மாடிக் காத்திருப்பைக் கொண்டுவந்து எங்க கணக்குல இறக்காதீங்க."

"எங்க மாடியில பொத்தான் இல்லையேம்மா."

"அதான் சொல்றேன். உங்களுக்கு இல்லாத பிரச்சினையை எங்களுக்குக் கொடுக்கறீங்க."

என் மனைவி என் முதுகில் இருந்தபடியே சொன்னாள், "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை நான் காத்திருக்காம சட்டுனு செத்துப் போயிடறேன்."

அந்த அம்மாள் அழுதார். ஆனால் விலகவில்லை.

அவர் பயந்தது சரிதான். கொஞ்ச நாளில் ஐந்தாவது மாடியின் பொத்தானும் போயிற்று. அவர்களும் எழுந்து நின்று கைதட்டல் வாங்கினார்கள். பிறகு நாங்களும் அவர்களுமாக நாலாவது மாடிக்கு இறங்கினோம். நாலாவது மாடிக்காரர்கள் மாடிப்படியின் கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். வாரியம் பூட்டைத் திறந்துவிட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் சராசரி குறைந்தது. கரும்பலகையில் ஒரு கோடு சரிந்துகொண்டே வந்தது. அதிகாரி அதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மேல்மாடிகளில் வீடுகளின் கதவுகள் சாத்தியே இருந்தன. யார் உள்ளே இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரியவில்லை. சிலரைக் கீழே பார்த்தது போலவும் இல்லை, மேலே பார்த்தது போலவும் இல்லை.

வகுப்பு மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் நிழல் விலை என்று ஒன்று நடத்தினார்.

"ஒவ்வொரு கட்டுப்பாடும், அதாவது மீறக்கூடாத நிபந்தனையும், நம்மை இழுத்துப் பிடிக்குது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தினா மத்தவங்களுக்கு எவ்வளவு லாபம்? அதுக்குப் பேரு நிழல் விலை. ஒருத்தர் இல்லாமப் போனா கட்டிடம் எவ்வளவு நல்லா ஓடும்னு சொல்லிடலாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"அப்படி ஒவ்வொருத்தருக்கும் போட்டுப் பார்த்திருக்கீங்களா சார்?" என்றார் தையல்காரர்.

"எல்லாருக்கும் போட்டாச்சு."

"யாருக்கு ரொம்ப அதிகம்?"

அதிகாரி சாக்கட்டியின் தூசியைத் தட்டினார். பிறகு மரியாதையாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். முன்வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறொரு நாள் மலையிலிருந்து இறங்குவதைப் பற்றிச் சொன்னார். "பனிமூட்டம். ஒண்ணும் தெரியலை. மலைமேல நிக்கிறீங்க. எப்படி இறங்குவீங்க? காலால தடவிப் பாருங்க. எந்தப் பக்கம் சரியுதோ அந்தப் பக்கம் ஒரு அடி வையுங்க. மறுபடி தடவுங்க. யோசிக்க வேண்டியதே இல்லை."

"பள்ளத்துல விழுந்துட்டா சார்?" என்றார் தையல்காரர்.

"பள்ளம்தான் விடை," என்றார் அதிகாரி.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

லிஃப்ட் மூன்றாவது மாடிவரைதான் வரும் என்று ஆனபிறகு நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போன நாள் அது. ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் படியில் உட்கார்ந்து எழ முடியாமல் வழியை அடைத்துவிட்டார். அவரைத் தாண்டிப் போகமுடியாமல் நாங்கள் கீழே வந்து சேரும்போது தெரு காலியாக இருந்தது. அன்று மாலை மனைவியின் முகம் வீங்கிவிட்டது. மூச்சுக்குச் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம்.

"சார், இன்னொரு தடவை வண்டியை விட்டா அவ தாங்க மாட்டா. ஏதாவது பண்ணுங்க."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியவரே. கணக்குக்கு இரக்கம் கிடையாதுன்னு சொல்றவங்க உண்டு. அது பொய். கணக்கு எல்லாத்தையும் கேட்கும். ஆனா அதோட மொழியில கேட்கணும். உங்க மனைவியை ஒரு கட்டுப்பாடா எழுதிக் கொடுங்க. கட்டுப்பாட்டை எங்க கணக்கு என்னைக்கும் மீறாது."

"இப்பவே எழுதறேன்."

"முதல் நிலைத் தேர்வு பாஸ் பண்ணினவங்கதான் எழுதலாம்."

எனவே படித்தேன். பள்ளிக்கூடத்தில் செய்யாததை அந்த வயதில் செய்தேன். மனைவி கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பாள். "குறிக்கோள் சார்புன்னா என்ன?" "எதைக் குறைக்கணுமோ அது." "மாறின்னா?" "எதை நம்ம இஷ்டத்துக்கு நகர்த்தலாமோ அது." "அப்ப நான் மாறியா, கட்டுப்பாடா?" "நீ வாயை மூடிக்கிட்டுப் படு." "அது பாடத்துல இல்லையே," என்பாள். சிரிக்கும்போது அவளுக்கு இருமல் வந்துவிடும். நான் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாஸ் செய்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். அதிகாரி என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, எல்லோர் முன்னாலும் சாக்கட்டியைக் கையில் கொடுத்தார். நான் எழுதினேன்: வண்டி வரும் நேரத்தில் என் மனைவி தரைத்தளத்தில் இருக்க வேண்டும். என் எழுத்து ஏறி இறங்கி இருந்தது. அதிகாரி அதைக் கணக்கு மொழியில் பக்கத்தில் எழுதினார், பாதி இடம்கூடப் பிடிக்கவில்லை. "தெளிவு," என்றார். "இப்படித்தான் கேட்கணும்." கைதட்டினார்கள். இந்த முறை நானும் தட்டினேன், மனதோடு.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி ஆறு மாடி ஏறிப் பார்த்தால் கட்டில் காலி. தையல்காரர் வீடும் திறந்துகிடந்தது. தடதடவென்று இறங்கினேன். கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. என் மனைவி ஒரு நாற்காலியில். தையல்காரர் ஒன்றில். மேல்மாடிகளில் நோயாளிகள் என்று எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாரியத்து ஆட்கள் தனிச்சாவி போட்டு லிஃப்டை ஆறாவது மாடிவரை கொண்டுவந்து இறக்கினார்களாம். உங்களுடையது நல்ல கட்டுப்பாடு, அதே மாதிரியானவர்களுக்கும் அதையே போட்டுவிட்டோம் என்றார் அதிகாரி.

வண்டி வந்தது. வெகு நாட்களுக்குப் பிறகு ஹாரன் அடிப்பதற்கு முன்பே நாங்கள் வாசலில் இருந்தோம். அவளை ஏற்றி அனுப்பிவிட்டு நான் அந்த அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

மாலை திரும்பி வந்ததும் அவளைச் சக்கர நாற்காலியில் லிஃப்டை நோக்கித் தள்ளினேன். கடிகாரக்காரன் குறுக்கே வந்தான்.

"ஐயா, அவங்க ஏறக்கூடாது."

"ஏன்?"

"ஏறினா தரைத்தளத்தை விட்டுப் போயிடுவாங்க. கட்டுப்பாடு மீறப்படும்."

அதிகாரியிடம் போனேன். அவர் கூடத்தின் மூலையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், வண்டி வந்து போயாச்சு. அவளை மேலே கொண்டு போகணும்."

"எதுக்கு?"

"வீடு மேலே இருக்கு."

"இருக்கட்டும். ஆனா அவங்க வீட்டுல இருக்கணும்னு நீங்க எழுதலையே. வண்டி வர்ற நேரத்துல கீழே இருக்கணும்னு எழுதினீங்க. கீழேயே இருந்துட்டா எப்பவும் அந்தக் கட்டுப்பாடு நிறைவேறிக்கிட்டே இருக்கும். மேல கொண்டு போயி மறுபடியும் கீழ கொண்டு வர்றதுன்னா அது வீண் பயணம். வீண் பயணத்தைக் கணக்கு தானா நீக்கிடுச்சு. நாங்க ஒண்ணுமே பண்ணலை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார், "பாருங்க, எவ்வளவு அழகான விடை. நாங்களே எதிர்பார்க்கலை."

"அவ எங்க தூங்குவா? எப்படிக் குளிப்பா?"

"அது இரண்டாம் நிலைப் பாடம். அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும்போது சேருங்க."

கூடத்து விளக்கு எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. தையல்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி மட்டும் மெல்ல என்னை அழைத்தாள்.

"என்னங்க, அந்தப் பலகையில என்ன எழுதினீங்க?"

"நீ கீழே இருக்கணும்னு."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லை."

பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "என்னைக் கேட்டிருந்தா நான் மிச்சத்தையும் சொல்லியிருப்பேன்ல," என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

குனிந்து முதுகைக் கொடுத்தேன். "ஏறு," என்றேன்.

"ஆறு மாடிங்க."

"ஏறு."

அவள் உடம்பு நீர் கோத்துக் கனத்திருந்தது. சந்தையில் அதைவிடக் கனமான மூட்டையைச் சுமந்திருக்கிறேன், ஆனால் அப்போது முழங்கால் என்னுடையதாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கடிகாரக்காரன் எழுந்து நின்றான். யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டு யாருடைய கணக்கிலும் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் காதருகே அவள் மூச்சு, கீழே டிக் டிக் என்று கடிகாரங்கள். ஆறாவது மாடியில் அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். நெடுநேரம் எழ முடியவில்லை. எங்கள் மாடிக்காரன் எதையோ குறித்துக்கொண்டு, வணக்கம் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் வகுப்பில் அதிகாரியின் குரல் தழுதழுத்தது. "நேத்து இந்தக் கட்டிடத்துல ஒரு மறைஞ்சு கிடந்த வளம் வெளியே வந்திருக்கு. இத்தனை நாளா லிஃப்ட் ஒண்ணுதான் வழின்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு பெரியவர், யார் உதவியும் இல்லாம, ஒரு ஆளை ஆறு மாடி ஏத்தியிருக்கார். அளந்து வச்சிருக்கோம். ஏத்தவே முடியும்னா இறக்கறது எவ்வளவு சுலபம். இனிமே லிஃப்டுக்கு இந்தச் சுமை இல்லை. லிஃப்ட் இனிமே தரைத்தளத்துலயே நிக்கும், கதவு திறந்தபடி. யாரும் காத்திருக்கவே வேண்டாம். எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கும். மொத்தக் காத்திருப்பு சுழியம். இதுக்கு மேல குறைக்க முடியாதுன்னு நிரூபிச்சுட்டோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிலர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

கூடம் வகுப்புக்கு வேண்டும் என்பதால், லிஃப்டைக் கடைசியாக ஒரு முறை சாவி போட்டு ஓட்டி, நோயாளிகளை அவரவர் வீடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வீடு திரும்புகிற சந்தோஷத்தில் தையல்காரர் பாட்டுக்கூடப் பாடினார்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. காலையில் கதவைத் திறந்தேன். நடையில் என் வாசலிலிருந்து படிக்கட்டுவரை நாற்காலிகள். அதில் மனிதர்கள். ஐந்தாவது மாடியிலிருந்தும் நாலாவது மாடியிலிருந்தும் எப்படியோ தவழ்ந்தும் ஊர்ந்தும் வந்திருந்தார்கள், அல்லது கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் நாற்காலியில் தையல்காரர். பக்கத்தில் கடிகாரக்காரன்.

"வணக்கம் ஐயா. வரிசை போட்டுட்டோம். எடை குறைஞ்சவங்க முதல்ல, அதிகமானவங்க கடைசியில. நீங்க அப்படித் தூக்கி இறக்கினாத்தான் மொத்தக் காத்திருப்பு குறைவா வரும். இது நிரூபிச்ச முறை."

"என் மனைவி?"

"அம்மா கடைசி. நீர் கோத்திருக்குல்ல."

"அதுக்குள்ள வண்டி போயிடுமேப்பா."

"வண்டி இந்தக் கணக்குல இல்லை ஐயா," என்றான். வருத்தமாகத்தான் சொன்னான்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "அண்ணே, அண்ணியை எடுத்துட்டுப் போங்க. நான் எங்கயும் ஓடிப்போகலை." அவருக்குப் பின்னாலிருந்த ஒருவர், "அப்ப எங்களுக்கு?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருமினார்.

நான் உள்ளே போய் மனைவியை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். கடிகாரக்காரன் தடுக்கவில்லை. வரிசை மாறுது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினான். என் பக்கத்திலேயே படி இறங்கி வந்தான்.

ஒரு மாடி இறங்கியதும் அவள் என் காதில் சொன்னாள், "மெதுவாப் போங்க."

"எதுக்கு?"

"அவன் அளக்கறான். நீங்க வேகமாப் போனா உங்களால முடியும்னு ஆயிடும். தினமும் அத்தனை பேரையும் உங்க தலையில கட்டிடுவாங்க. கஷ்டப்படற மாதிரி நடங்க. நில்லுங்க. மூச்சு வாங்குங்க."

"வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் நல்லா வாங்குங்க."

நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினேன். கடிகாரக்காரன் காத்திருந்தான், முகத்தில் ஒரு ஏமாற்றம். இன்னும் இரண்டு படி இறங்கி மறுபடி நின்றேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவன் எதையோ குறைத்துக் குறித்தான். சரி, நடக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது கீழே தெருவில் ஆஸ்பத்திரி வண்டியின் ஹாரன் கேட்டது.

அவள் என் கழுத்தை இறுக்கினாள். "போகாதீங்க. மெதுவா," என்றாள். அவள் மூச்சில் அந்தச் சீழ்க்கைச் சத்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

நான் ஓடினேன். என் கால் எனக்கே தெரியாமல் ஓடியது. கடிகாரக்காரனும் எனக்கு இணையாக ஓடிவந்தான். "அருமை ஐயா, அருமை," என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். தலைக்கு மேலே, ஆறாவது மாடியில், காலியான இடத்துக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தும் சத்தம் கேட்டது.